கலப்புப் பின்னப் பெருக்கல்: பிள்ளைகள் நோட்டில் கண்டதைச் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் டீச்சர்
ஆண்டு 6 பையன், கெட்டிக்காரன். 2½ × 1⅓ = 2⅙ என்று எழுதியிருக்கிறான். முழுவை முழுவோடும் பின்னத்தைப் பின்னத்தோடும் பெருக்கி ஒட்டிவிட்டான். 5/2 × 4/3 = 20/6 = 3⅓ என்று போட்டுக் காட்டியும், "என் வழியில என்ன தப்பு டீச்சர்?" என்று விடவில்லை. கீரைப் பாத்தி ஒன்று வரைந்தேன்: நீளம் 2½ மீட்டர், அகலம் 1⅓ மீட்டர். நீளத்தை 2, ½ என்றும் அகலத்தை 1, ⅓ என்றும் பிரித்தால் நான்கு கட்டம். அவன் கணக்கில் இரண்டுதான் இருந்தன. விட்டுப்போனவை 2 × ⅓ = ⅔, ½ × 1 = ½; சேர்த்தால் 1⅙. அதை அவனே தன் 2⅙-உடன் கூட்டினான், 3⅓ வந்தது.

டியூஷன் அக்கா
இங்கே 3¾ × ⅔. மேலே 3, கீழே 3, உடனே அடித்தாச்சு! மிச்சம் 3¼ × 2 = 6½. 3¾ என்பது 3 + ¾ ஆச்சே. அப்படி அடித்தால் ¾ மட்டும்தான் மூன்றால் வகுபடுகிறது, முன்னால் உள்ள 3 அப்படியே நிற்கிறது. 15/4 ஆக்கிய பிறகுதான் அடிக்கணும்: 15-ஐயும் 3-ஐயும், 2-ஐயும் 4-ஐயும். விடை 5/2, அதாவது 2½. ஒன்றைவிடச் சின்னதால் பெருக்கி 3¾-ஐத் தாண்டினால் அங்கேயே சந்தேகம் வரணும்.

மண்டோர் ஐயா
டீச்சர், எதற்கெடுத்தாலும் 5/2, 15/4 மாதிரி தகாப் பின்னமா? எனக்கு உடன்பாடில்லை. ஒரு பக்கம் முழு எண் என்றால் அது வீண் வேலை. மரத்துக்கு 2¼ கிலோ உரம், வரிசையில் 32 மரம்: 64-உம் 8-உம் 72 கிலோ. 50 கிலோ மூட்டை ஒன்று, அடுத்ததில் 22 கிலோ. 9/4 போட்டு 288-ஐ நாலால் வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். மருந்தும் அப்படித்தான்: 15 லிட்டர் பம்பு 4½ தடவை, 60-உம் 7½-உம் 67½ லிட்டர். 5⅞ × 4 வந்தால் இன்னும் சுலபம்: ஆறு நாலு 24, அதில் நாலு அரைக்கால் (⅛), அதாவது அரை, கழித்தால் 23½. பிள்ளைகளுக்கு இதை முதலில் பழக்குங்கள்.

ஆண்டு 5 அம்மா
அதே 2½ × 1⅓-க்கு என் மகள் பகுதியை, அதாவது கீழ் எண்ணை, சமமாக்கிவிட்டுப் பெருக்குகிறாள். 15/6 × 8/6 = 120/6 = 20!

டியூஷன் அக்கா
சமமாக்கியது தப்பில்லை, தேவையில்லாத வேலை. கூட்டலில் பகுதி மாறாது; பெருக்கலில் அதுவும் பெருகும். 120/36 என்று எழுதியிருந்தால் அதே 3⅓.

சுங்கை சிப்புட் டீச்சர்
ஐயா, முழு எண்ணுக்கு உங்கள் வழி சரி. இரண்டுமே கலப்பு என்றால் நான்கு பெருக்கல், பிறகு பகுதியைச் சமமாக்கிக் கூட்டல். தேர்வுத்தாளில் பிள்ளை தடுமாறுவது அந்தக் கூட்டலில்தான். 5⅞ கணக்கை நாளைக்கே வகுப்பில் போடுகிறேன்.