டைட்டில் கார்டுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்வீடிஷ் நடிகை கிரேட்டா கார்போ பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். மௌனப்படத்தில் காட்சிக்கு நடுவே வசனம் எழுதிக் காட்டுவார்களே, அதற்குச் சொல் வேண்டும். 1925இல் ஸ்டாக்ஹோமிலிருந்து அமெரிக்கா போனபோது கார்போவுக்கு ஆங்கிலம் வராது. வாயசைத்தால் போதும், மீதியைக் கார்டு பார்த்துக்கொண்டது. கட்டுரையே அதன்மேல்தான் நிற்கிறது. 'இடைத்தலைப்பு' சரியா?
— செ.

இடையில் வருவதற்குத் தலைப்பு எதற்கு? இடுப்பில் தொப்பி மாட்டியதுபோல் இருக்கிறது. (கார்போவே முன்பு 'பப்' அங்காடியில் தொப்பி விற்றவர்தான்!) 'இடையெழுத்து' என்க.
— இரா.

இரா., 'இடையெழுத் தென்ப யரல வழள' மறந்துபோயிற்றா? தொல்காப்பியர் எடுத்துக்கொண்ட சொல் அது. சிலம்பின் அரங்கேற்று காதையில் மூவகை எழினி, அதாவது மேடைத்திரை, உண்டு: ஒருமுகம், பொருமுகம், கரந்துவரல். மறைந்திருந்து தோன்றுவதால் இது 'கரந்துவரல் எழுத்து'. எழினி, எழுத்து இரண்டுக்கும் 'எழு'வே வேர் என்பது என் துணிபு. எழினி, திரையைக் குறிக்கும் வடசொல்லான யவனிகையிலிருந்து வந்தது என்பாருக்குத் தனி மடலில் விடை தருவேன்.
— புலவர் க.

ஐயா, படிக்கப்போவது வார இதழ் வாசகர்!
— செ.

முதலில் 'மௌனப்படம்' வடசொல். 'பேசாப்படம்' என்று போடுங்கோ. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அழகாய் நிற்கும். 1930இல் கார்போவின் முதல் பேசும்படமான 'அன்னா கிறிஸ்டி'க்கு 'கார்போ பேசுகிறார்!' என்றுதானே விளம்பரம் செய்தவை? அதோடும் பொருந்தும்.
— யாழ். ந.

'வசன அட்டை' போதுமே.
— மீ.

மீ., எல்லா அட்டையிலும் வசனம் இராது. 'சில ஆண்டுகள் கழிந்தன' என்பது யார் பேசும் வசனம்? 'உரையட்டை' என்றால் பேச்சும் அடங்கும், விளக்கமும் அடங்கும். அட்டை என்பதும் பொருத்தம். கார்போ நடித்த, இயக்குநர் ஸ்டில்லரின் 'யோஸ்தா பெர்லிங்' படத்தில் ஸ்வீடிஷ் அட்டையை வெட்டி ஜெர்மன் அட்டையை ஒட்டினால் பெர்லினில் ஓடும். நடிப்பில் கைவைக்கவே வேண்டாம்.
— இரா.

அட்டை இரத்தம் குடிக்கும்.
— புலவர் க.

உரையட்டைக்கு நான்கு பேர், 'வசன அட்டை'க்கு மீ. மட்டும். முதல் இடத்தில் 'டைட்டில் கார்டு எனப்படும் உரையட்டை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மௌனப்படம் மௌனப்படமாகவே இருக்கிறது, ந. பொறுத்தருள்க.
— செ.

நான்கு பேரில் என்னைச் சேர்க்க வேண்டா. யவனிகை பற்றிய மடல் நாளை.
— புலவர் க.