குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் குணமாகிறதென்றால் ஆராய்ச்சிக்கு நிதி ஏன்?

கேள்வி: என் அக்கா மகனுக்கு லிம்ஃபோபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோய், பெரும்பாலும் குணமாகும் என்கிறார் மருத்துவர். பிறகு ஏன் ஆராய்ச்சிக்கு இன்னும் நிதி திரட்டுகிறார்கள்?

மறுமொழி 1: பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948இல் வெளியிட்ட ஆய்வில், அமினோப்டெரின் என்ற மருந்தைப் பெற்ற 16 குழந்தைகளில் 10 பேர் தேறினாலும், அது தற்காலிகமாகவே இருந்தது. அம்மருந்துக்குப் பின்னிருந்த ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பின்னர் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிறிஸ்டின் என்ற மருந்து கிடைத்தது. இத்தகைய மருந்துகளை இணைத்து இரண்டு, மூன்று ஆண்டுகள் தரும் சிகிச்சையால் வளர்ந்த நாடுகளில் இன்று ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பிழைக்கின்றனர்.

மறுமொழி 2: ஆனால் எல்லாக் குழந்தைப் புற்றுநோய்களும் அப்படியல்ல; மூளைத்தண்டில் வரும் டிஐபிஜி என்ற புற்றுநோய்க் கட்டிக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. நோயாளிகள் குறைவு என்பதால் மருந்து நிறுவனங்கள் தயங்குகின்றன. அரசும் அறக்கட்டளைகளுமே செலவை ஏற்க வேண்டியிருக்கிறது.

கேட்டவர்: நன்றி. அக்காவிடம் நித்தியகல்யாணியைப் பற்றிச் சொல்கிறேன். அது எங்கள் வாசலிலேயே பூத்திருக்கிறது.