பயந்த பையன்தான் நாயகன், ஆட்டத்தை எப்படி நகர்த்துவது?

கேள்வி: பகடை உருட்டி, கதாபாத்திரமாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நால்வரும் முதல் லெவல். கதை நடப்பது ரேவன்லாஃப்ட் என்ற திகில் மூடுபனி உலகத்தில். ஒருவரின் பாத்திரம் சண்டையே வேண்டாம் என்கிற 16 வயதுப் பையன். ஜாம்பி வந்தால் அவன் என்ன செய்வான்?

மறுமொழி 1: சண்டையை மறுக்கலாம், பயணத்தை மறுக்கக் கூடாது. காணாமல்போன தங்கை கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கிறாள் என்று வையுங்கள், கால் தானாக உள்ளே போகும். சண்டையில் 'உதவி' ஆக்‌ஷன் போதும். 5 அடிக்குள் நிற்கும் எதிரியை அவன் திசைதிருப்பினால், அடுத்துத் தாக்கும் நண்பர் பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். ஜாம்பியின் வேகம் 20 அடி, மனிதனுக்கு 30. ஓடுவதும் நல்ல உத்திதான்!

மறுமொழி 2: எண்ணிக்கையைக் கவனியுங்கள். மூன்று ஜாம்பிக்கு 150 அனுபவப் புள்ளி, கூட்டமாக வருவதால் கணக்கில் 300. இந்த நால்வருக்கு அது 'கடினம்'. இரண்டோடு தொடங்குங்கள். ஒரு ஜாம்பியின் 22 உயிர்ப்புள்ளி தீர்ந்தும் அது விழாமல் நிற்கலாம்: கடைசி அடியின் சேதத்தோடு 5 கூட்டி வரும் இலக்கை அதன் பகடை எட்டினால் 1 புள்ளியோடு தொடரும். கிளெரிக்கின் (தெய்வ சக்தியால் மந்திரம் செய்யும் பூசாரிப் பாத்திரம்) ஒளிச் சேதமோ கிரிட்டிக்கல் அடியோ (தாக்கும் பகடையில் 20 விழுவது) வீழ்த்தினால் அந்த வாய்ப்பே இல்லை. எலும்புக்கூடு வந்தால் பையனிடம் கவண் கொடுங்கள். கல்லடி அதற்கு இரட்டிப்புச் சேதம்.

கேட்டவர்: தங்கை, கவண் இரண்டையும் சேர்த்துவிட்டேன். நன்றி!