எண்ணெய் பிரிக்கும் கருவி வாங்கும் முன்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

குழு: நம்ம குடும்பம்

செவ்வாய்

தம்பி, இரவு 8:42
எல்லோரிடமும் ஒரு யோசனை கேட்க வேண்டும். பட்டறையிலிருந்து வெளியேறும் தண்ணீரில் எண்ணெய், கிரீஸ் அளவு வரம்பைத் தாண்டிவிட்டதாக அறிக்கை வந்திருக்கிறது. ஏதாவது கருவி வைத்தாக வேண்டும். மூன்று இடத்தில் கேட்டேன். ஒருவர் பெல்ட் ஸ்கிம்மர் போதும் என்கிறார். இன்னொருவர் டிஏஎஃப் (காற்றுக் குமிழியால் எண்ணெயை மேலே தூக்கும் கருவி) இல்லாமல் முடியாது என்கிறார். மூன்றாமவர் மெம்பரேன், அதாவது நுண்துளைச் சவ்வு வடிகட்டிதான் என்று அடித்துச் சொல்கிறார். எதை நம்புவது?

மாமா, 8:47
மாப்பிள்ளை, பெல்ட் ஸ்கிம்மரே போடு. எங்கள் ஆலையில் பல வருடமாக ஓடுகிறது. பெல்ட் தண்ணீருக்குள் இறங்கி ஏறும், எண்ணெய் அதில் ஒட்டிக்கொண்டு வரும், மேலே ஒரு தகடு அதை வழித்து டின்னில் விடும். அவ்வளவுதான். கெட்டுப்போக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பெரியப்பா, 8:55
நான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்த காலம் முழுக்க, கழிவுநீர் முதலில் போவது ஏபிஐ செபரேட்டருக்குத்தான். நீளமான தொட்டி. தண்ணீர் மெதுவாக நகரும், எண்ணெய் மேலே வரும், சேறு அடியில் தங்கும். நீயும் அப்படி ஒரு தொட்டி கட்டலாமே.

தம்பி, 8:56
இப்போது நான்காவது யோசனையும் வந்துவிட்டது பெரியப்பா. அக்கா எங்கே? கழிவுநீர் வேலையிலேயே இருப்பவள் பேசாமல் இருக்கிறாள்.

நான், 9:10
இப்போதுதான் பார்த்தேன். ஒரு கேள்வி. அந்த மூன்று பேரில் யாராவது உன் தண்ணீரை மாதிரி எடுத்துக்கொண்டு போனார்களா?

தம்பி, 9:11
இல்லை அக்கா. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்டார்கள்.

நான், 9:18
கோளாறு அங்கேதான். லிட்டர் கணக்கை வைத்துத் தொட்டியின் அளவைத்தான் சொல்ல முடியும். எந்த வகைக் கருவி என்று சொல்ல வேண்டுமானால், எண்ணெய் தண்ணீரில் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். தனியாக மிதக்கிறதா, பொடிப்பொடித் துளிகளாகப் பரவியிருக்கிறதா, பால் மாதிரி கலந்து எமல்ஷனாகிவிட்டதா, இல்லை கரைந்தே போய்விட்டதா? இந்த நாலுக்கும் நாலு விதமான வைத்தியம். அதைப் பார்க்காமல் கருவியின் பெயரைச் சொல்கிறவரிடம் முன்பணம் கொடுத்துவிடாதே.

அத்தை, 9:21
எண்ணெய் என்றால் தண்ணீரில் மிதக்கத்தானே செய்யும்? கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் தானாக மேலே வந்துவிடாதா?

நான், 9:33
வரும் அத்தை. எவ்வளவு நேரத்தில் வரும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துளியின் விட்டம் பாதியானால் அது ஏறும் வேகம் கால்வாசியாகிவிடும். ஒரு கணக்குச் சொல்கிறேன். தண்ணீரின் அடர்த்தியில் 85 சதவீதம் இருக்கிற எண்ணெய், வெப்பநிலை 20 டிகிரி. துளி 150 மைக்ரான், அதாவது 0.15 மில்லிமீட்டர் என்றால் ஒரு மீட்டர் ஏற ஒன்பது நிமிடம் போதும். அதே எண்ணெய் 15 மைக்ரான் துளியாக இருந்தால் 15 மணி நேரம் ஆகும். அதுவும் தண்ணீர் கொஞ்சமும் அசையாமல் நின்றால். இதில் சோப்பும் கலந்துவிட்டால், துளிகள் ஒன்றோடொன்று சேரவே சேராது. நாள் கணக்கில் வைத்திருந்தாலும் வெள்ளையாகவே நிற்கும்.

பெரியப்பா, 9:40
அவள் சொல்வது சரி. ஏபிஐ தொட்டிக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த அளவே 150 மைக்ரான் துளியை மனதில் வைத்துத்தான். அதைவிடச் சின்னத் துளிகள் பெரும்பாலும் அதில் பிடிபடாது, தண்ணீரோடு போய்விடும். அதனால்தான் எங்களுக்கு அதற்கு அடுத்து ஒரு டிஏஎஃப்பும் இருந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நான், 9:46
தம்பி, நாளைக்குக் காலையில் ஒரு வேலை செய். வாய் அகன்ற கண்ணாடி பாட்டில்களை நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள். எல்லாம் வந்து சேரும் தொட்டியில் ஒன்று, ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் வரும் தண்ணீரில் தனித்தனியாக ஒன்று. பிடித்த நேரத்தை எழுதி ஒட்டி, ஆடாத மேசையில் வை. பத்து நிமிடத்தில் ஒரு படம், ஒரு மணி நேரத்தில் ஒரு படம், மறுநாள் காலையில் ஒரு படம். எங்கெங்கிருந்து தண்ணீர் வருகிறது என்றும் எழுதிப் போடு.

தம்பி, 9:52
சிஎன்சி இயந்திரங்களில் (கணினி வழி உலோகம் வெட்டுபவை) பழைய கூலன்டை, அதாவது வெட்டும்போது சூட்டைத் தணிக்கும் திரவத்தை மாற்றும்போது வருவது. பாகங்களைக் கழுவும் இயந்திரம், அது தினமும், சூடான காரத் திரவம். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் கசியும் எண்ணெய். தரை கழுவும் தண்ணீர். எல்லாம் ஒரே சாக்கடையில் இறங்கி ஒரே தொட்டிக்கு வருகிறது. அங்கிருந்து பம்ப் வைத்து வெளியே.

நான், 9:54
என்ன பம்ப்?

தம்பி, 9:55
சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்ப்தான்.

நான், 9:55
சரி, முதலில் பாட்டில்.

வியாழன்

தம்பி, காலை 7:30
(படங்கள்)
அக்கா, பாட்டில்களைப் பார். பிரஸ் பக்கத் தண்ணீரில் பத்து நிமிடத்திலேயே கறுப்பாக எண்ணெய் மேலே வந்துவிட்டது, கீழே தண்ணீர் தெளிவு. கூலன்ட் பாட்டிலில் மேலே மெல்லிய படலம், கீழே அப்படியே பால். ஒரு இரவு கழிந்தும் மாறவில்லை. கழுவும் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கலாகவே நிற்கிறது. மொத்தத் தொட்டியின் தண்ணீரும் கலங்கல்தான், மேலே மட்டும் ஒரு விரல் எண்ணெய்.

மாமா, 7:44
அந்த ஒரு விரல் எண்ணெயை ஸ்கிம்மர் எடுத்துவிடுமே?

நான், 8:05
எடுக்கும் மாமா. ஆனால் கீழே இருக்கிற பால் அப்படியே வெளியே போகும். அறிக்கையில் எண் கொஞ்சம் இறங்கும், வரம்புக்குள் வராது. உங்கள் ஆலையில் ஸ்கிம்மர் மட்டும் போதுமாக இருந்தது என்றால் அங்கே சோப்பு கலக்காத எண்ணெயாக இருந்திருக்க வேண்டும்.

மாமா, 8:09
ஆமாம். சூடாக்கிய இரும்பை எண்ணெயில் நனைத்து, அப்புறம் வெறும் தண்ணீரில் அலசுவார்கள். சோப்பே கிடையாது.

நான், 8:24
அதனால்தான் அங்கே அது நன்றாக ஓடுகிறது. தம்பிக்கு மூன்று விதமான தண்ணீர் இருக்கிறது. அதை ஒன்றாகக் கலந்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கருவி தேடுகிறான். நல்ல எண்ணெயாக மிதக்கிற ஹைட்ராலிக் எண்ணெய் சாக்கடையில் சோப்புத் தண்ணீரைச் சந்திக்கிறது. போதாக்குறைக்குப் பம்ப் அதை அடித்துப் பொடியாக்குகிறது. கடைசியில் தானாகப் பிரிந்திருக்கக்கூடிய எண்ணெயும் பிரியாத எண்ணெயாகிவிடுகிறது. எந்தக் கருவி வாங்கினாலும் அதற்கு முன்னால் சாக்கடையைப் பிரிக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பெரியப்பா, 8:31
பம்ப் விஷயத்தை அழுத்திச் சொல். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் துளியைச் சிதறடித்துவிடும். முடிந்தவரை தண்ணீர் சரிவில் தானாக இறங்கிப் பிரிக்கும் தொட்டிக்கு வரட்டும். பம்ப் தேவையென்றால் பிரித்த பிறகு வை.

நான், 8:35
அதேதான் பெரியப்பா. பிரிப்பதற்கு முன்னால் ஏற்றியே ஆக வேண்டும் என்றால், மெதுவாக ஓடும் ஸ்க்ரூ பம்ப் அல்லது டயாஃப்ரம் பம்ப்.

தேன்மொழி, 8:50
அண்ணி, பட்டறையின் கணக்குப் பார்ப்பவள் நான் என்பதால் கேட்கிறேன். டிஏஎஃப் சொன்னவர் அதைப் போட்டால் எமல்ஷனும் போய்விடும் என்றார். அப்படியானால் ஒரே கருவியில் முடிந்துவிடாதா?

நான், 9:14
நல்ல கேள்வி தேன்மொழி. டிஏஎஃப் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விடை வந்துவிடும். சுத்தமான தண்ணீரில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்து, 4 முதல் 6 பார் அழுத்தத்தில் காற்றைக் கரைப்பார்கள். அது தொட்டிக்குள் வந்து அழுத்தம் விடுபடும்போது 30 முதல் 100 மைக்ரான் வரை நுண்குமிழிகள் கிளம்பும். குமிழி எண்ணெயில் ஒட்டிக்கொண்டு மேலே தூக்கிவரும்.

ஆனால் எமல்ஷனில் உள்ள எண்ணெய்த் துளிகளின் மேல் எதிர்மின்னூட்டம் இருக்கும், சோப்புப் படலமும் போர்த்தியிருக்கும். குமிழி அதில் ஒட்டாது. முதலில் படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ பாலி அலுமினியம் குளோரைடோ போட்டு அந்த மின்னூட்டத்தைக் கொல்ல வேண்டும். அப்புறம் பாலிமர் போட்டுத் திரட்ட வேண்டும். அதன் பிறகுதான் குமிழிக்கு வேலை. ஆக, எமல்ஷனை உடைப்பது ரசாயனம்தான், டிஏஎஃப் அதை அள்ளுகிறது. அவர் விலைப்புள்ளியில் மருந்துச் செலவும், தினமும் வரும் சேற்றை அப்புறப்படுத்தும் செலவும் இருக்கிறதா என்று பார்.

தேன்மொழி, 9:20
இரண்டுமே இல்லை அண்ணி. இயந்திரத்தின் விலை மட்டும்தான்.

நான், 9:22
கேட்டு வாங்கு. வருடக் கணக்கில் பார்த்தால் சில இடங்களில் அந்த இரண்டும் சேர்ந்து இயந்திரத்தைவிடப் பெரிய செலவாகிவிடும். சோப்பு அதிகமாக இருந்தால் மருந்தும் கூடுதலாகக் குடிக்கும்.

தம்பி, 9:30
மெம்பரேன்?

நான், 9:48
அதன் பெயர் அல்ட்ராஃபில்ட்ரேஷன். கூலன்ட் மாதிரி இறுகிய எமல்ஷனுக்கு அது நல்ல கருவி. மருந்து இல்லாமலே எண்ணெயை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும். ஐந்து சதவீத எண்ணெயோடு வந்த கூலன்டை, அதில் எண்ணெய் முப்பது, நாற்பது சதவீதம் ஆகும் வரை சுருக்கலாம். அப்புறப்படுத்த வேண்டிய அளவு அந்த அளவுக்குக் குறையும். ஆனால் மிதக்கும் எண்ணெய், இரும்புத் தூள், மணல் இதெல்லாம் அதற்கு ஆகாது. மெம்பரேன் மேல் பூசிக்கொண்டு அடைத்துவிடும். அதனால் அதற்கு முன்னால் ஸ்கிம்மரும் வடிகட்டியும் கட்டாயம். அவ்வப்போது ரசாயனக் கழுவலும் வேண்டும், அதைப் பொறுமையாகச் செய்ய ஓர் ஆள் வேண்டும். இன்னொன்று, தண்ணீரில் கரைந்துவிட்டது அதன் வழியாகவும் போய்விடும். வெளிவரும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் சோதித்துப் பார்த்தே விட வேண்டும்.

அத்தை, 9:55
சேர்ந்து வரும் எண்ணெயை என்ன செய்வீர்கள்? எங்கேயாவது மண்ணில் ஊற்றிவிடப் போகிறார்கள்.

நான், 10:02
கூடவே கூடாது அத்தை. எண்ணெயும் சேறும் அபாயக் கழிவு. மூடி போட்ட பீப்பாயில், கசிந்தால் பிடிக்கத் தட்டோடு வைத்து, அனுமதி உள்ளவரிடம் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஹைட்ராலிக் எண்ணெய் தண்ணீரும் சோப்பும் கலக்காமல் தனியாக இருந்தால் மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களும் உண்டு. சாக்கடையைப் பிரிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தம்பி, இரவு 8:15
சரி அக்கா, நீயே சொல். நான் என்ன வாங்கட்டும்?

நான், 8:50
உன் இடத்தில் நான் இருந்தால் இப்படிப் போவேன்.

பிரஸ்ஸின் சீல்களை மாற்றிக் கசிவை முதலில் நிறுத்துவேன். கீழே ஒரு தட்டு. சொட்டுகிற எண்ணெய் தண்ணீரையே பார்க்கக் கூடாது. இதற்குக் கருவியே வேண்டாம்.

கூலன்ட் தொட்டி ஒவ்வொன்றிலும் மேலே மிதக்கும் வேற்று எண்ணெயைச் சின்ன பெல்ட் ஸ்கிம்மர் வைத்து எடுப்பேன். மாமா சொன்ன கருவிக்கு உன் பட்டறையில் சரியான இடம் அதுதான். அந்தப் படலம் போனால் கூலன்டுக்குள் காற்று படும், நாற்றமடிப்பது குறையும், அதிக நாள் உழைக்கும். மாற்ற வேண்டிய தடவையே குறைந்துவிடும். மாற்றும்போது வருவதைத் தனித் தொட்டியில் சேர்த்து வை. தினமும் வருவது இல்லையே. அளவு குறைவென்றால் அப்படியே அனுமதி உள்ளவரிடம் கொடுத்துவிடலாம். கூடினால் மட்டும் சின்ன அல்ட்ராஃபில்ட்ரேஷன்.

இனிக் கழுவும் இயந்திரம். உன் பிரச்சினையில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சோப்பு விற்பவரிடம் எண்ணெயைக் கட்டிப்போடாமல் விட்டுவிடுகிற வகை இருக்கிறதா என்று கேள், இருக்கிறது. அழுக்கை எடுத்துவிடும், எண்ணெயைக் கரைத்து வைத்துக்கொள்ளாது. அப்போது அந்தத் தொட்டியிலேயே எண்ணெய் மேலே வரும். 60 டிகிரியில் தண்ணீரின் பிசுபிசுப்பு 20 டிகிரியில் இருப்பதில் பாதிகூட இல்லை, அதனால் துளிகள் இரண்டு மடங்கு வேகத்தில் ஏறும். சூடாக இருக்கும்போதே பிரித்துவிட்டால் அதே கழுவுநீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

மிச்சமிருக்கும் தண்ணீருக்குச் சாய்தட்டுப் பிரிப்பான். பெரியப்பா சொன்ன ஏபிஐ தொட்டியின் சின்ன உருவம் என்று வைத்துக்கொள். உள்ளே சாய்வாக அடுக்கிய தட்டுகள், இடைவெளி இரண்டு மூன்று சென்டிமீட்டர். துளி ஒரு மீட்டர் ஏற வேண்டாம், மேலே உள்ள தட்டைத் தொட்டால் போதும். குறைந்த இடத்தில் இன்னும் சின்னத் துளிகளையும் பிடிக்கும். அதற்கு முன்னால் ஒரு சமநிலைத் தொட்டி வை, தண்ணீர் திடீர் திடீரென்று கொட்டாமல் சீராக வரட்டும். இதற்குப் பிறகும் கலங்கல் நின்றால்தான் மருந்தும் டிஏஎஃப்பும். அதுவும் எவ்வளவு மருந்து போட்டால் தெளிகிறது என்று ஜார் டெஸ்ட் பார்த்த பிறகு.

பெரியப்பா, 9:04
சாய்தட்டு வாங்கும்போது தட்டுகளை வெளியே எடுத்துக் கழுவ முடிகிறதா என்று பார்க்கச் சொல். கழற்ற முடியாவிட்டால் சேறு அடைத்துப் பயனில்லாமல் போய்விடும்.

தம்பி, 9:10
ஜார் டெஸ்ட் நானே செய்யலாமா? அமிலம் ஊற்றினால் கூலன்ட் பிரியும் என்று எங்கோ படித்தேன்.

நான், 9:19
வேண்டாம். பிஎச் 2, 3 வரை இறக்கினால் பல எமல்ஷன்கள் உடையும், உண்மைதான். ஆனால் சில கூலன்டில் நைட்ரைட் இருக்கும், அமிலம் பட்டால் நச்சுப் புகை வரும். சயனைடு கலந்த தண்ணீர் என்றால் உயிருக்கே ஆபத்து. ஆய்வகத்தில் கொடு. ஒரே தண்ணீரை வரிசையாக ஊற்றி, மருந்தின் அளவை மாற்றி மாற்றிப் போட்டு எதில் தெளிகிறது என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

தேன்மொழி, 9:25
அண்ணி, போன தடவை மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் எடுத்தோம்.

நான், 9:33
அப்படியானால் உண்மையான அளவு அறிக்கையில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம், எண்ணெய் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி பாட்டில்தான். மாதிரித் தண்ணீராலேயே முதலில் அலசி ஊற்றக் கூடாது, அலசினால் சுவரில் எண்ணெய் கூடுதலாகப் படியும். மேலே மிதப்பதை மட்டும் அள்ளக் கூடாது. பாட்டில் முழுவதையும் அப்படியே ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும், அதிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பது கூடாது. பிஎச் 2க்குக் கீழே இறக்கிக் குளிர்ச்சியில் வைப்பதை அவர்களே சொல்லித் தருவார்கள், அமிலம் போட்ட பாட்டிலையும் கொடுப்பார்கள்.

மாமா, 9:41
மாப்பிள்ளை, விற்பவர்களைத் திரும்பக் கூப்பிடு. உன் தண்ணீரை ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல். ஓட்டிக் காட்டாதவரிடம் வாங்காதே.

நான், 9:44
ஆமாம். வெளிவரும் தண்ணீரில் எண்ணெய் எவ்வளவு இருக்கும் என்பதை உன் தண்ணீருக்கென்று எழுத்தில் வாங்கு. "95 சதவீதம் நீக்கும்" என்று மட்டும் எழுதினால் ஏற்காதே, உள்ளே வருவது எவ்வளவு என்பதைப் பொறுத்து அந்தச் சதவீதத்துக்கு என்ன பொருள் வேண்டுமானாலும் வரும். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றே இருக்க வேண்டும்.

தம்பி, 9:50
சரி அக்கா. இந்த வாரம் பிரஸ் சீல், அப்புறம் கழுவும் இயந்திரத்துக்குத் தனிக் குழாய். சோப்புக்காரரிடம் நாளையே பேசுகிறேன். மூன்று பேரிடமும் விலைப்புள்ளியை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன்.

பெரியப்பா, 9:53
குழாய் போடும் முன் தரை மட்டத்தின் படத்தை எனக்கு அனுப்பு. சரிவு எங்கே கிடைக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.