புதுப்பிப்பு: மகளின் கடைவாய்ப் பல் சொத்தைக்கு லேசர் சிகிச்சை முடிந்தது

டிரில் சத்தத்துக்கே நடுங்கும் என் ஒன்பது வயது மகளின் சொத்தையை லேசரால் எடுக்க முடியுமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

"எந்த வகை லேசர் என்று முதலில் கேளுங்கள்" என்ற ஆலோசனைதான் கைகொடுத்தது. அண்ணா நகரில் முதலில் பார்த்த பல் மருத்துவரிடம் இருந்தது டயோடு லேசர்; அது ஈறு போன்ற மென்திசுக்களுக்கு உரியது, பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலை வெட்டப் பயன்படாது. மயிலாப்பூரில் எனாமலையும் வெட்டக்கூடிய எர்பியம் யாக் லேசர் கிடைத்தது. அதன் 2,940 நானோமீட்டர் அலைநீளக் கதிரை நீர் மிக வலுவாக உறிஞ்சுவதால், பல்லுக்குள் இருக்கும் நீர் கணப்பொழுதில் ஆவியாகி விரிந்து எனாமலை நுண்துகள்களாகப் பெயர்க்கிறது. சொத்தையான பகுதியில் நீர் கூடுதலாக இருப்பதால் அது இன்னும் எளிதாக அகல்கிறது. சொத்தை ஆழமில்லாததால் மரப்பு ஊசி தேவைப்படவில்லை. வலிக்கிறது என்று குழந்தை ஒருமுறைகூடக் கையை உயர்த்தவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

எதிர்பாராதவை சில உண்டு. லேசர் சத்தமின்றி இயங்கும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் பட்பட்டென்று வெடிக்கும் ஒலி தொடர்ந்து கேட்டது, ஆகவே குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிரில்லைவிட நேரமும் கூடுதலாகவே ஆனது. லேசருக்குப் பிறகும், பல் நிற அடைப்பு நன்றாக ஒட்டுவதற்காக அமில ஜெல் தடவினார்கள். என் பழைய பாதரசக் கலவை அடைப்பை மாற்றுவது பற்றியும் விசாரித்தேன்; அதன்மீது இந்த லேசரைப் பயன்படுத்தக் கூடாது, டிரில்தான் வேண்டும் என்றார் மருத்துவர்.