லைன் போட்ட பிறகுதான் கோட்டை விடுகிறோம்

ஐசியூ செவிலியர்:
சென்ட்ரல் லைன் (இதயத்தருகே உள்ள பெரிய ரத்தக் குழாய்வரை செல்லும் மருந்துக் குழாய்) போடும்போது யாரும் அசட்டையாக இருப்பதில்லை. தொப்பி, மாஸ்க், கவுன், ஸ்டெரைல் கையுறை, தலை முதல் கால்வரை மூடும் பெரிய துணி எல்லாம் வந்துவிடும். ஆல்கஹால் கலந்த 2% குளோர்ஹெக்சிடினை 30 விநாடி அழுத்தித் தேய்த்து, விசிறாமல் தானாகக் காயவிட்டால் தோல் தயார். கிருமி நுழையும் வில்லங்கம் அதற்குப் பிறகுதான். த்ரீ-வேயின் (குழாயில் மருந்து ஏற்ற மாட்டும் மூவழித் திருகின்) மூடியைக் கழற்றிப் படுக்கை மேல் வைப்பார்கள். மருந்து போனதும் அதையே எடுத்து மாட்டுவார்கள். கழற்றிய மூடி குப்பைக்குப் போக வேண்டும், மாட்டுவது புதிதாக இருக்க வேண்டும். மருந்து ஏற்றும் வாயை ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் ஸ்வாபால் 15 விநாடி தேய்த்துக் காயவிட வேண்டும். பேருக்கு ஒரு துடைப்பு போதாது.

வார்டு இன்சார்ஜ்:
சிஸ்டர் சொன்னது வென்ஃப்ளானுக்கும் (கையில் போடும் சிறு ஊசிக்குழாய்) பொருந்தும். அதோடு இன்னொன்று: பிளாஸ்டரைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கட்டில் கம்பியில் வரிசையாக ஒட்டி வைக்கும் பழக்கம். கம்பியில் இருக்கும் கிருமி நேரே ஊசி வாய்க்குப் போகிறது! மேலே வெள்ளை பிளாஸ்டரைச் சுற்றிவிட்டால் உள்ளே சிவந்திருப்பதும் தெரியாது. கண்ணாடி போன்ற டிரெஸ்ஸிங்தான் நல்லது. வலி, சிவப்பு, வீக்கம், நரம்பு கயிறு மாதிரி தட்டுப்படுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே எடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு 72-96 மணி நேரத்தில் கட்டாயம் மாற்று என்ற விதியை இப்போது பல இடங்களில் தளர்த்திவிட்டார்கள். ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது யாராவது பார்த்தால்தான் அது சரிவரும். ஆளில்லாத வார்டில் பழைய கணக்கே தேவலை என்பேன். அவசரத்தில், சுத்தம் பார்க்காமல் போட்ட லைன் என்றால் 48 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

மயக்கவியல் டெக்னீஷியன்:
100 மி.லி. சலைன் பாட்டிலில் ஒரு ஊசியைக் குத்தி வைத்து, வார்டு முழுக்க அதிலிருந்தே ஃப்ளஷ் (லைனைக் கழுவிவிடும் சலைன்) எடுப்பதை யாரும் சொல்லவில்லையே? ஒரு பாட்டில் கெட்டால் பத்துப் பேருக்குக் காய்ச்சல். ஆளுக்கொரு சிரிஞ்ச், ஒருமுறைதான். காற்றுக்காக பாட்டிலில் ஊசி குத்துவதும் அதே ரகம். தானே சுருங்கும் பைக்கு அது தேவையே இல்லை. மற்றதற்கு ஃபில்டர் வைத்த ஏர்-வென்ட் (காற்று வழி) உள்ள குழாய் செட் இருக்கிறது. புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஓடும் குழாயை 12 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், அதிலுள்ள கொழுப்பு கிருமிக்கு நல்ல தீனி. ரத்தம், கொழுப்புக் கரைசல் போன குழாய்க்கு 24 மணி நேரம். சாதாரண சலைன் செட்டை நான்கு நாளுக்கு முன் மாற்ற வேண்டாம், அடிக்கடி கழற்றுவதே ஆபத்து.

தொற்றுக் கட்டுப்பாட்டு மருத்துவர்:
காய்ச்சல் வந்தால் லைனிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்ற சோதனைக்கு) அனுப்புங்கள். லைனில் எடுத்த ரத்தத்தின் பாட்டில் இரண்டு மணி நேரமாவது முந்திக்கொண்டு பாசிட்டிவ் காட்டினால் லைன்தான் காரணமாக இருக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் ஐசியூக்களில் கைகழுவல், முழு மறைப்பு, குளோர்ஹெக்சிடின், தொடையில் போடாமை, வேண்டாத லைனை எடுத்தல் என்ற ஐந்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 1,000 லைன்-நாளுக்கு (ஒரு லைன் ஒரு நாள் இருந்தால் ஒரு லைன்-நாள்) 2.7 என்றிருந்த தொற்று விகிதத்தின் இடைநிலை அளவு (மீடியன்) மூன்றே மாதத்தில் பூஜ்யமானது. 2006-இல் வெளியான ஆய்வு அது. நம்மிடம் ஐந்தாவதுதான் நடப்பதில்லை. வாய்வழி மருந்துக்கு மாறிய நோயாளியின் கையில் வென்ஃப்ளான் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கிடக்கும். காலை ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டில் 'லைன் தேவையா?' என்று ஒரு கட்டம் போட்டு, டாக்டர் கையெழுத்திட்டால்தான் அது தொடரும் என்று வையுங்கள்.