மறுமொழி: கோர் ஸ்டெபிலிட்டிக்குத் தமிழ்ச்சொல் – ‘நடுவுடல் நிலைகாப்பு’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம். உடல் அசையும்போதும் திரும்பும்போதும் வயிறு, முதுகு, பிட்டத் தசைகள் சேர்ந்து மேலுடலைச் சாயாமல் காப்பதைத்தான் ‘கோர் ஸ்டெபிலிட்டி’ என்கிறோம். நாம் தயாரிக்கும் கையேட்டில் இதை ‘நடுவுடல் நிலைகாப்பு’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘மைய நிலைத்தன்மை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் இந்தக் கையேடு உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் போகிறது. ‘மைய நிலைத்தன்மை’ என்றால் எதன் மையம் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம், நிலைத்தன்மை என்பது மேசைக்கும் உண்டு, வேதிச் சேர்மத்துக்கும் உண்டு. நாம் சொல்ல வருவது ஒரு பொருளின் பண்பை அல்ல, உடல் நொடிக்கு நொடி செய்துகொண்டிருக்கும் வேலையை.

கபடியில் பாடிப் போகிற மாணவி போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டு ஒற்றைக்காலில் சட்டென்று திரும்புகிறாள். அந்த நேரத்தில் மேலுடல் ஒரு பக்கம் சாய்ந்தால், எடை முட்டிக்கு வெளிப்புறமாகப் போய்விடும், முட்டி உள்பக்கம் மடங்கும். ஜவ்வு கிழிவது பெரும்பாலும் இப்படி ஊன்றித் திரும்பும்போதுதான், யாரும் மோதாமலே. வலி முட்டியில் என்பதால் எல்லோரும் முட்டியையே பார்க்கிறோம்.

யேல் பல்கலைக்கழகத்தில் 277 கல்லூரி வீரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2007இல் வெளிவந்தது. மேலுடலை ஒரு விசையால் இழுத்துப் பிடித்து, எதிர்பாராத நேரத்தில் விட்டுவிட்டு, உடல் எவ்வளவு தள்ளாடுகிறது என்று அளந்தார்கள். பிறகு 3 ஆண்டுகள் அவர்களுடைய முட்டிக் காயங்களைக் கவனித்தார்கள். அதிகம் தள்ளாடிய பெண்களுக்கு, குறிப்பாகப் பக்கவாட்டில் தள்ளாடியவர்களுக்கு, ஜவ்வுக் காயம் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆண்களிடம் இது இவ்வளவு தெளிவாக இல்லை; முன்பு கீழ்முதுகு வலி வந்திருந்ததுதான் அவர்களிடம் அடையாளமாக நின்றது. ஆகவே கையேட்டில் ‘மாணவர்கள் அனைவருக்கும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பதை மாற்ற வேண்டும்.

அந்தச் சோதனையில் வயிற்றின் வலுவை அளக்கவில்லை என்பதையும் பாருங்கள். குலைந்த நிலையை உடல் எப்படி மீட்டுக் காக்கிறது என்பதைத்தான் அளந்தார்கள். 1990களில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆஸ்திரேலியாவில் காட்டியதும் இதற்கு ஒத்துப்போகிறது: காலை அசைக்கும் தசை வேலையைத் தொடங்கும் முன்பே வயிற்றின் ஆழத்தில் இருக்கும் குறுக்குத் தசை இறுகிவிடுகிறது. முன்கூட்டியே காவலுக்கு நிற்கிறது. அதனால்தான் ‘நிலைகாப்பு’ என்கிறேன்.

> ‘இடுப்புறுதி’ எளிமையாக இருக்கிறது. வயிற்றைக் குறிக்கும் ‘அகடு’ என்ற பழஞ்சொல்லும் உண்டு.

‘இடுப்பு’ பேச்சில் இடையையும் குறிக்கும், தொடை சேரும் மூட்டையும் குறிக்கும். இங்கே அந்தக் குழப்பம் கூடாது. ‘அகடு’ அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் மைதானத்தில் ‘அகட்டுப் பயிற்சி’ என்றால் பிள்ளைகள் காலை அகட்டி நின்றுவிடுவார்கள்!

‘நடுவுடல்’ என்றால் விலாவுக்குக் கீழிருந்து பிட்டத் தசைகள் வரை எடுத்துக்கொள்ளலாம். பிட்டத்தைச் சேர்ப்பது முக்கியம். கூடைப்பந்து, தடகள வீரர்களிடம் செய்த ஆய்வொன்று 2004இல் வந்தது. தொடையை வெளிப்புறம் திருப்பும் வலு குறைந்தவர்களே அதில் அதிகம் காயப்பட்டார்கள். அந்த வலு பிட்டத் தசைகளிலிருந்து வருவது. சிக்ஸ் பேக் வைத்திருப்பவனிடமும் அது குறைவாக இருக்கலாம்.

இன்னொரு வசதி, சொற்குடும்பம் தடையில்லாமல் அமைகிறது: நடுவுடல் வலு, நடுவுடல் தாங்குதிறன், நடுவுடல் நிலைகாப்பு. ஒரு பக்கமாக முழங்கையை ஊன்றி எத்தனை நொடி நிற்கிறான் என்று பார்ப்பது தாங்குதிறனை மட்டும் சொல்லும். நம் வரைவின் மூன்றாம் பகுதி அதையே நிலைகாப்புச் சோதனை என்று எழுதிவிட்டது. ஒற்றைக்காலில் குந்தச் சொல்லி, முட்டி உள்ளே போகிறதா, மேலுடல் சாய்கிறதா என்று எதிரே நின்று பார்ப்பது இதற்கு இன்னும் பொருத்தம். கருவி எதுவும் வேண்டாம்.

‘பிடிப்பு’ என்று முடியும் சொற்களை மட்டும் தயவுசெய்து தவிர்ப்போம். ‘நடுவுடல் பிடிப்பு’ என்று படித்தால் தைலம் தேடுவார்கள்.

முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க் பயிற்சியைப் ‘பலகைநிலை’ ஆக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. பிள்ளைகள் எல்லோரும் பிளாங்க் என்றே சொல்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். ‘நிலைகாப்பு’க்கு மறுப்பு இருந்தால், மாற்றுச்சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள்.